சேக்காட்டின் மேல் சிவப்புப் புள்ளிகள்

அம்பத்தூரில் வானிலைக் கணிப்பு சொல்லித்தரும் மாலை வகுப்பில் பயிற்சிக்குக் கொடுத்தது போன ஐப்பசியில் பெய்த ஒரு மழை. அந்தத் தேதி லாவண்யாவுக்கு நன்றாகத் தெரியும். சேக்காட்டில் அவள் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் கன்னியம்மாவின் கணவர் வேம்புலி, சுரங்கப்பாதை வெள்ளத்தில் ஸ்கூட்டரோடு முழுகிப்போன நாள் அது.

கணினியில் ஓடும் வானிலை மாடல் முதலில் தானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கும். பிறகு செயற்கைக்கோள் அளந்த ஈரப்பதத்தை வாங்கி அதைத் திருத்திக்கொள்ளும். ஆனால் அந்த அளவு தன் கணக்கைவிட்டு ரொம்பவே விலகியிருந்தால், பிழை என்று தள்ளிவிடும். தள்ளியவை படத்தில் சிவப்புப் புள்ளிகளாக நிற்கும்.

அன்றைய புள்ளிகள் சேக்காட்டையும் சேர்த்து ஆவடிக்கு மேல் அப்பிக்கிடந்தன. தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று லாவண்யா மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். கடைசியில் எவ்வளவு விலகினால் தள்ளுவது என்ற வரம்பைத் தளர்த்தி அவற்றையும் உள்ளே விட்டாள். தூறல் என்றிருந்த இடத்தில் பெருமழை வந்து நின்றது.

பஸ்ஸில் திரும்பும்போது முன்னால் போன வண்டிகளின் விளக்கெல்லாம் அந்தப் புள்ளிகளாகவே தெரிந்தன.

கன்னியம்மாவிடம் சொல்வதா, வேண்டாமா? அன்று போனில் தூறல் என்று பார்த்துவிட்டு வேம்புலியை அனுப்பிவைத்தவள் அவள்தான். ‘நாந்தான் கொன்னுட்டேன்’ என்பதைத் தவிர அவளிடம் வேறு பேச்சில்லை. மேகம் கட்டினால் வாசலில் அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறது என்பாள். யாரும் நம்புவதில்லை, லாவண்யாவும்தான்.

மறுநாள் சாயங்காலம் கீழே இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டாள்.

“உங்க மேல தப்பே இல்லக்கா. சாட்டிலைட் மேலருந்து பாத்திருக்கு. எங்க மாடல்தான் அத நம்பல. உங்க போன்ல வந்ததும் இப்படித்தான் தப்பாச்சான்னு எனக்குத் தெரியாது. ஆனா...”

“இன்னாத்துக்கு நம்பல?”

“அது போட்டு வச்ச கணக்குக்கு ரொம்ப மாறா இருந்துச்சு. அதான்.”

கன்னியம்மா சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

“அவரும் வாசல்ல நின்னு மேல பாத்துட்டு, ‘வானம் சரியில்ல கன்னிமா, நாளிக்குப் போறனே’ன்னாரு கண்ணு. நான் போனக் காட்டி, ‘நீ இன்னா மாமே, பெரிய சாட்டிலைட்டா?’ன்னு கலாய்ச்சி அனுப்சேன்.”



வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கன்னியம்மா தலையைச் சாய்த்தாள். “வண்டி சத்தம். உனுக்குக் கேக்குதா?”

லாவண்யாவுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் இந்த முறை அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தாள்.