ஹல்லாவுக்காக வாங்கிய சைலன்சர்

போன இலையுதிர் காலத்தில் என் நாய் ஹல்லாவின் காதோரமாகச் சைலன்சர் இல்லாத துப்பாக்கியை வெடித்தவர் என் அக்கா புருஷன் வெய்யோ. மூஸ் மான் விழுந்தது. ஹல்லாவோ வாலைச் சுருட்டிக்கொண்டு காட்டின் குறுக்கே ஓடி என் காருக்கடியில் போய்ப் பதுங்கிவிட்டாள். எங்கள் வேட்டைக் குழுவில் எல்லோர் கைபேசி வரைபடத்திலும் ஹல்லாவின் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி ஓடி ஒளிந்ததைப் பார்த்து அத்தனை பேரும் சிரித்தார்கள். ஓட வைத்தவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

வேட்டைக் குழுவுக்குத் தலைவரும் அந்த மகராசன்தான். இந்த வருடம் முதல் நாளே, நெருப்பில் காப்பி கொதிக்கும்போது ஆரம்பித்தார்.

"இதோ பாரு கொழுந்தியா, இன்னொரு தடவை வெடிச்சத்தம் கேட்டு ஓடுச்சுன்னா ஹல்லாவ காட்டுக்குக் கூட்டிட்டு வராத. சோபாவுல படுத்துக்கட்டும்."

"ஓட விட்டது யாரு அத்தான், நானா?"

"சரி விடு. இந்தா, அதுக்கப்புறம் நான் வாங்கின எவர்சில்வர் சைலன்சர். நல்லா கனமா இருக்கும். டைட்டானியம் கியிட்டானியம்னு போயிடாத, டிங்குன்னு சத்தம் போடும். உன் நாய் எல்லை தாண்டி ரஷ்யாவுக்கே ஓடிடும்."

மூஸை மறித்து நின்று குரைக்கவே பிறந்தவள் ஹல்லா. அவளைச் சோபாவில் போட்டால் ஏங்கியே செத்துவிடுவாள்.

எவர்சில்வரை மாட்டி, குறி சரிபார்த்துக்கொண்டு கிளம்பினேன். சதுப்பைக் கடந்து, ஹல்லா குரைக்கும் இடத்துக்குப் போனபோது மூஸ் நின்றது. ஹல்லா அதன் கால்களுக்கு முன்னால் துள்ளிக்கொண்டிருந்தாள். நாய் விலகாமல் சுட முடியுமா? துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தேன். காத்திருந்தேன், காத்திருந்தேன். முனையில் தொங்கிய கனம் கையைக் கீழே இழுத்தது. குழல் ஆடியது. பிடிக்க முடியாமல் இறக்கினேன். அந்த அசைவைப் பார்த்த மூஸ் போயே போய்விட்டது.

"என்ன, தூங்கிட்டியா?" என்று வாக்கிடாக்கியில் கேட்டார் அத்தான்.

"நீங்க வேட்டை மேடையில உக்காந்து, கட்டையில சாய்ச்சு வச்சு சுடுறவரு. உங்களுக்குக் கனம் தெரியாது!" என்று கத்தினேன்.

மறுநாள் டைஸ்தோவின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். அவர் கனமான எவர்சில்வர், லேசான டைட்டானியம் இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"டைட்டானியம் டிங்குன்னு சத்தம் போடுமா?"

"யாரு சொன்னா? இந்த ரெண்டுக்கும் சத்தத்துல பெரிய வித்தியாசமெல்லாம் இல்ல. ஓயாம சுட்டா சூட்டை நல்லா தாங்குறது எவர்சில்வர்தான். நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை சுடுவ?"

"ஒண்ணு. அதுவும் கெடைச்சா."

"அப்புறம் என்னத்துக்கும்மா அந்தக் கனத்தைச் சுமக்குற?"

டைட்டானியத்தை வாங்கினேன். அத்தான் பேச்சு மட்டும் நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்தியது. தப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தால் போவது என் பெருமையல்ல, ஹல்லாவின் காடு.

சனிக்கிழமை, உறைபனி. அதே சதுப்புக்கு அப்பால் ஹல்லா ஒரு கொம்பனை, பெரிய ஆண் மூஸை, மறித்து நிறுத்திவிட்டாள். துப்பாக்கியைத் தூக்கினேன். இடப்பக்கம் துள்ளினாள். வலப்பக்கம் துள்ளினாள். அடியே, விலகுடி! கை அசையவில்லை. குழல் அசையவில்லை. ஒருவழியாக அவள் விலகி, சுற்றிக்கொண்டு என் பக்கவாட்டில் வந்த நொடியில் விசையை அழுத்தினேன்.

கொம்பன் நாலு எட்டு வைத்துச் சாய்ந்தான்.

ஹல்லாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. காது பின்னால் மடிந்திருந்தது. கார் இருக்கும் திசையில் ஒருமுறை தலையைத் திருப்பினாள். பிறகு விறுவிறுவென்று கொம்பனிடம் ஓடி, கழுத்து மயிரைக் கவ்விப் பிடுங்க ஆரம்பித்தாள். ஐயோ என் தங்கமே! நான் அழுதேன், சிரித்தேன், அந்தப் பனியில் குதித்தேன்.

எல்லோரும் கைபேசியில் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வாக்கிடாக்கியில் அத்தான் குரல் வந்தது.

"கொழுந்தியா... சுட்டியா இல்லையா? புள்ளி நகரவே இல்லையே."

"சுட்டாச்சு அத்தான்! கொம்பன் கீழ கெடக்கான். வந்து இழுங்க!"

ஒரே கூச்சல். மூச்சு வாங்கச் சதுப்பைக் கடந்து முதலில் வந்தவர் அத்தான்தான். வழக்கப்படி சுட்டவர் தொப்பியில் செருக ஊசியிலைக் கொத்து ஒன்றை ஒடித்தார். என் தொப்பியை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய், பனித் தரையில் முட்டி போட்டு, கொத்தை ஹல்லாவின் கழுத்துப்பட்டையில் செருகினார்.

"தப்பு என்மேலதான்டி," என்றார் அவளிடம்.

ஹல்லா அவர் முகத்தை நக்கிவிட்டுக் கொம்பனைப் பிடுங்கப் போய்விட்டாள்.