ஒன்பதாம் அத்தியாயத்தில் நின்றுபோன கணினி

ஒன்பதாம் அத்தியாயத்தை வாசித்துப் பதிவுசெய்துகொண்டிருந்தபோது திரையில் இருந்த அம்பு அப்படியே நின்றுபோனது. ஆஸிகா மவுஸை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. திரையின் மூலையில் மணி பத்து நாற்பத்திரண்டு. சுவர் மணிக்கூடு பதினொன்றை எட்டிய பிறகும் அங்கே பத்து நாற்பத்திரண்டுதான். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்தி, மறுபடி போட்டாள். அரை மணி நேரம் வாசித்ததில் ஒரு சொல்கூட மிஞ்சவில்லை.

அன்றைக்கு இது மூன்றாவது தடவை.

புத்தகம் அவளுடையதல்ல, யுகேஷுடையது. வத்தேகமப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவளும் அவனும் நான்கு வருஷம் ஒன்றாகப் படிப்பித்தார்கள். அவன் வரலாற்று ஆசிரியன். பன்னிரண்டு வயதில் பார்வை போனவன். அவள் மாற்றலாகித் தன் ஊரான அலவத்துகொடைக்கே வந்த பிறகும் இருவரும் போனில் பேசிக்கொள்வார்கள். இந்த வருஷம் அவன் பள்ளிக்கூட அதிபர் சேவைப் போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பித்திருந்தான். வழிகாட்டிப் புத்தகம் அச்சில் மட்டுமே கிடைத்தது. போனில் உள்ள வாசிப்புச் செயலியிடம் அதைக் கொடுத்தால் பாதிச் சொற்களைக் கடித்துத் துப்பியது. "நான் வாசிச்சித் தாறேன்" என்று அவன் கேளாமலே ஆஸிகாதான் சொன்னாள். இருபத்து மூன்று அத்தியாயங்கள். கணினி நின்ற அன்று பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியிருந்தது, பரீட்சைக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

எட்டு அத்தியாயம் முடிவதற்குள் கணினியில் இடம் நிரம்பிவிட்டது. கட்டுகஸ்தோட்டையில் கணினிக் கடை வைத்திருக்கும் அஸ்ஃபர் நானாவிடம் கொண்டுபோய் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒன்று பூட்டிக்கொண்டு வந்தாள். தொல்லை தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

மறுநாள் சி.பி.யூவைப் படுக்கை விரிப்பில் சுற்றி, த்ரீவீலில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். அஸ்ஃபர் பக்க மூடியைக் கழற்றி மேசையில் வைத்து, ஒரு பகல் முழுவதும் ஓடவிட்டார். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"மெஷின்ல ஒண்டுமில்ல டீச்சர். ஒங்கட ஊட்டு கரண்ட் சரியில்லாம ஈக்கும்."

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினாள். நாற்பது நிமிஷத்தில் நின்றது.

இரண்டாம் தடவை போனபோது அஸ்ஃபர் புது டிஸ்கைத் தனியாகக் கழற்றி வேறு கணினியில் பூட்டிச் சோதித்தார். அதிலும் பழுது இல்லை. டிஸ்குக்குத் தகவல் போகும் கேபிளையும் மாற்றிப் பூட்டினார். அன்றும் கடையில் நன்றாக ஓடியது. அன்றும் வீட்டில் நின்றது. மூன்றாம் தடவை அவர் முகத்தில் அலுப்புத் தெரிந்தது.

"பழைய மெஷின்தானே டீச்சர். மதர்போர்ட் போவப் போவுது. புதுசொண்டு பாருங்க."

"டிஸ்க் போட முந்தி ஒரு நாளாச்சும் ஸ்டக் ஆகினதில்ல நானா."

"அது அப்படித்தான். போற காலம் வந்தாப் போவும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்குக் கோபம் வரவில்லை. வேறொன்று வந்தது. இந்தப் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்காமல் விடுவதில்லை என்ற பிடிவாதம்.

வீட்டில் கணவன் அம்ஜத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான். "போன்லயே ரெக்கோட் பண்ணிக் குடுங்களே" என்றான். நல்ல யோசனைதான். ஆனால் தெருவில் லொறி போகும் சத்தத்தை வெட்டியெடுக்கவும், யுகேஷ் தேடும் தலைப்புக்கு நேரே போகும்படி அத்தியாயங்களைத் துண்டு துண்டாகப் பிரிக்கவும் கணினிதான் அவளுக்குக் கைவந்தது. இருந்தாலும் அவன் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டாள். கணினி பதியும்போதே பக்கத்தில் போனையும் பதியவிட்டாள். கணினி நின்றாலும் வாசித்தது வீணாகாது.

பிள்ளைகளின் புள்ளிகள் எழுதும் கொப்பியின் பின்பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு தடவையும் நின்ற நேரத்தையும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதையும் எழுதத் தொடங்கினாள். முதலில் புது டிஸ்கின் வயர்களைப் பிடுங்கிவிட்டு ஒரு காலை முழுவதும் வேலை செய்தாள். நிற்கவில்லை. மறுபடி செருகி மூடியைப் பூட்டினாள். இருபத்தைந்து நிமிஷம். ஆக, போர்டில் குறையில்லை. குறை டிஸ்கோடு வந்தது. ஆனால் அந்த டிஸ்க் நல்லது என்று கடையில் நிரூபணமாகியிருந்தது. சுவரில் வேறு பிளக்கில் மாட்டிப் பார்த்தாள். அம்ஜத்தின் கடையிலிருந்து கரண்டைச் சீராக்கும் பெட்டியை வாங்கிவந்து அதிலும் போட்டுப் பார்த்தாள். பதினெட்டு நிமிஷம், ஐம்பது நிமிஷம், முப்பத்தொன்று. வீட்டுக் கரண்டும் இல்லை.

மூன்றாம் நாள் பின்னேரம், போனில் பதிந்த பத்தாம் அத்தியாயத்தை ஹெட்போனில் கேட்டபடி நிறுத்தக்குறிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். தன் குரலுக்குப் பின்னால், ஆழத்தில், ஒரு சத்தம் கேட்டது. டிக். அதையடுத்து மெல்லிய ஊளை ஒன்று தாழ்ந்து மறுபடி எழுந்தது. இரண்டு வினாடி கழித்து அவள் குரலே, "ஆ, மறுவா நிண்டுட்டு" என்றது.

பின்னால் ஓட்டிக் கேட்டாள். பிறகு மற்றப் பதிவுகளையும் திறந்து, கொப்பியில் இருந்த நேரங்களைப் பார்த்துப் பார்த்து அந்தந்த இடத்துக்குப் போனாள். ஏழு தடவை நின்றது. ஏழிலும் அந்த டிக், அந்த ஊளை. சுழன்றுகொண்டிருக்கும் டிஸ்குக்கு ஒரு கணம் கரண்ட் அறுந்து, திரும்ப வருகிறது. வாசிக்கும்போது அவள் காதில் விழாததை மேசையில் கிடந்த போன் பிடித்திருந்தது.

கரண்ட் ஏன் வீட்டில் மட்டும் அறுகிறது? கடையையும் வீட்டையும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மேசை வேறு, பிளக் வேறு, திரை வேறு. பிறகு அஸ்ஃபரின் மேசையில் சாத்தியிருந்த அந்தப் பக்க மூடி ஞாபகத்துக்கு வந்தது. கடையில் ஓடவிடும்போது அவர் அதைப் போட்டதே இல்லை. வேலை முடிந்து அனுப்பும்போதுதான் ஆணி முடுக்குவார்.

மூடியைக் கழற்றிவிட்டு வாசித்தாள். பதினோராம் அத்தியாயம் முழுவதும் போனது, பன்னிரண்டில் பாதியும் போனது. டிக் இல்லை. மூடியை மறுபடி போட்டு, உள்ளங்கையால் மெல்ல அழுத்தினாள். டிக். அம்பு நின்றது.

கணினி நின்றதற்காக ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதை அம்ஜத் அதுவரை கண்டதில்லை. "ஸ்டக் ஆகினா சிரிக்கிறீங்க?" என்று கேட்டான்.

"டோர்ச்சக் கொண்டாங்க."

கரண்டை அணைத்து, பிளக்கைக் கழற்றி, உள்ளே வெளிச்சம் அடித்தார்கள். பழைய டிஸ்குக்குப் போகும் கரண்ட் வயரை இரண்டாகப் பிரித்து, அஸ்ஃபர் புது டிஸ்குக்கும் கொடுத்திருந்தார். அந்தப் பிரிவு வயரின் முனை டிஸ்கிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூடியைப் பூட்டினால் வயர் மடங்கி முனையைத் தள்ளும். கழற்றிப் பார்த்தபோது, முனைக்குள் இருந்த சின்ன உலோகத் தகடு ஒன்று பின்வாங்கிக் கிடந்தது. மூடி தள்ளும்போது, விசிறியின் அதிர்வில் அது தொட்டும் தொடாமலும் ஆடியிருக்க வேண்டும்.

பெட்டியின் மேல்தட்டில் டிவிடி போடும் கருவிக்கு நேரே வரும் கரண்ட் வயர் ஒன்று இருந்தது. அந்த வீட்டில் டிவிடி போட்டு ஆறேழு வருஷம். அதைப் பிடுங்கி, புது டிஸ்குக்குச் செருகினாள். பிரிவு வயரை எடுத்துவிட்டுப் பழைய டிஸ்கை முன்பிருந்தபடியே பூட்டினாள். வயர்களை மூடி தொடாதபடி உள்ளே தள்ளி, நூலால் கட்டினாள். மூடியைப் போட்டு நான்கு ஆணியையும் முடுக்கினாள். அழுத்தினாள். தட்டியும் பார்த்தாள்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தின் மிச்சத்தை வாசிக்க உட்கார்ந்தபோது பரீட்சைக்குப் பதினொரு நாள் இருந்தது. லுஹர் பாங்கு சொல்லும்போது நிறுத்தி, தொழுதுவிட்டு வந்து தொடர்ந்தாள். அன்று நிற்கவில்லை. அடுத்த நாளும் நிற்கவில்லை. கொப்பியின் அந்தப் பக்கத்தில் புதிதாக ஒரு வரியும் ஏறவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் என்று கணக்கு வைத்தாள். தொண்டை கட்டியபோது கொத்தமல்லி அவித்துக் குடித்தாள்.

இடையில் ஒரு சனிக்கிழமை கட்டுகஸ்தோட்டைக்குப் போய், அந்த வயரை அஸ்ஃபரின் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னாள். அவர் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேசை லாச்சியைத் திறந்து, அதே மாதிரி வயர்கள் இருந்த பையை எடுத்து, ஒவ்வொன்றாக முனையைப் பார்க்கத் தொடங்கினார்.

"இன்னும் ரெண்டு இப்படித்தான் ஈக்கிது டீச்சர்" என்றார். "மூடியப் போட்டுப் பாக்கணும்னு எனக்குப் படவே இல்ல."

கடைசி அத்தியாயத்தை யுகேஷுக்கு அனுப்பியபோது பரீட்சைக்கு நான்கு நாள். அன்று பின்னேரமே அவன் அழைத்தான்.

"எல்லாம் வந்துருச்சு டீச்சர். பதினாறாவது அத்தியாயத்துல ஒரு பக்கத்த ரெண்டு தடவ வாசிச்சிருக்கீங்க."

"எந்தப் பக்கம்?"

"மேற்பார்வை பத்தி வருதே, அங்க. பரவால்ல, விடுங்க. ரெண்டு தடவ கேட்டா மனசுல நிக்கும்."

"இல்ல, வெட்டி அனுப்புறேன். பத்து நிமிஷம் இரிங்க."

அவள் கணினியைப் போட்டாள். அம்பு கையோடு நகர்ந்தது.