பதின்மூன்று பெயர்கள்

மொஸ்கோவில் அந்த ஆட்சிக்கவிழ்ப்பு அறுபது மணித்தியாலம் நிலைத்தது. இருபத்தெட்டாவது மணித்தியாலத்தில் அப்பா அதை ஆதரித்து, அதை நடத்தியவர்களுக்குக் கடிதம் எழுதினார்.

1991 ஓகஸ்ட். கம்யூனிஸ்ட் கட்சியின் பழையவர்கள் சோவியத் ஜனாதிபதியை வீட்டுக்காவலில் வைத்திருந்தார்கள். அப்பா அங்கே பொறியியல் படித்தார். இலங்கை மாணவர் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். சோசலிசத்தைக் காப்பாற்ற வந்தவர்கள் என்று நம்பி, கடிதத்தின் கீழே பதின்மூன்று உறுப்பினர்களின் பெயர்களையும் எழுதினார். ஒருவரையும் கேட்கவில்லை. செயலாளர் எழுதினால் எல்லோரும் எழுதிய மாதிரி. சங்கத்தில் அதுதான் வழக்கம்.

அடுத்த வருடம், அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவரான அன்புராசாவின் புலமைப்பரிசில் நின்றது. படிப்பை விட்டு ஊருக்குத் திரும்பினார். கடிதம்தான் காரணம் என்று அப்பா நம்பினார். சோவியத் நாடே இல்லாமல் போனபிறகு புலமைப்பரிசில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஒன்றின் பின் ஒன்று நடந்தால் முதலாவது காரணமாகிவிடாது என்றும் சொன்னேன். ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் எனக்கு அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

போன மாதம், சோவியத் வீழ்ச்சி எங்களுக்கு விட்டுப்போனது என்ன என்று பேச இங்கே கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கூட்டத்துக்கு அப்பாவை அழைத்தார்கள். அன்புராசாவும் வருகிறாராம். எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்பது என்று அப்பா முடிவெடுத்தார். நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தனியாக நிற்கப் பயந்து, மொஸ்கோவில் அறைத்தோழராக இருந்த அகஸ்ரின் அங்கிளைத் துணைக்குக் கேட்கப் போனார். கடிதத்தைத் தபாலில் போடக் கொண்டுபோனவர் அவர்.

நான்தான் காரை ஓட்டினேன். மோர்னிங்சைட்டில் அங்கிளின் வீடு வரும்வரை அப்பா வாயே திறக்கவில்லை. திரும்பும்போது பேச்சை நிறுத்தவேயில்லை. இலவசமாகப் படித்ததையும் சாப்பிடப் பாண் வாங்க வரிசையில் நின்றதையும் ஒரே மூச்சில் சொன்னார். கூட்டத்துக்கான பேச்சு காரிலேயே தயாராகிவிட்டது. இடையில் நடந்தது இதுதான்.

"செயலாளர் வாறார், எழும்பி நில்லுங்கோ" என்று ஆளில்லாத வீட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே அங்கிள் கதவைத் திறந்தார். தேத்தண்ணி தந்தார். அப்பா எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். இத்தனை வருடத்தில் அங்கிளிடம் இதைக் கதைத்தது அதுதான் முதல் தடவை.

அங்கிள் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப சொல்லியிருந்தா என்னைத் துரோகி எண்டிருப்பாய். பிறகு சொல்லியிருந்தா, எல்லாம் முடிஞ்சாப்போல கெட்டிக்காரன் ஆகிறான் எண்டிருப்பாய்."

"என்னடா சொல்லுறாய்?"

"மச்சான், நான் அந்தக் கடிதத்தைப் போடேல்லை."