மெஷினுக்கு ஏற்ற தேவதை

வெர்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு இழுத்தாள். கண்ணாடித்தாளுக்கு அடியில் பென்சில் படம். அதில் கட்டைவிரல் உயரத் தேவதை ஒருத்தி இடுப்பில் கைவைத்து முறைத்துக்கொண்டு நின்றாள். ஓர் இறக்கைக்கு ஆறு கோடு, முடியைவிட மெல்லிசாக. காப்பி குடித்தால் கை நடுங்கும் என்று பதினோரு வருஷமாக வெர்னா மதியம்வரை காப்பியைத் தொடுவதில்லை.

"இந்தக் குட்டிப் பிசாசப் பாரு. அப்படியே ஒன்ன மாதிரி முறைக்குது," என்றாள் பக்கத்து மேசை ஐடெல்லா.

"சும்மாயிருடி. சிரிச்சா கோடு கோணிரும்."

கலிபோர்னியாவில் பர்பேங்கில் இருந்த அந்தக் கார்ட்டூன் பட ஸ்டூடியோவுக்கு மெஷின் வந்தது பிப்ரவரியில். பென்சில் படத்தை அப்படியே கண்ணாடித்தாளில் ஏற்றிவிடும். ஈஸ்டருக்குள் நாற்பது பெண்கள் மேசையைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். அரசன், குதிரை, காடு எல்லாம் மெஷினுக்குச் சரிப்பட்டன. தேவதை மட்டும் படியவில்லை. கண் இரண்டும் மைப்பொட்டாக அப்பிக்கொண்டன. இறக்கை காக்கைக்கால் போல் வந்தது. அவளுக்காகத்தான் இவர்கள் இருவரையும் விட்டுவைத்திருந்தார்கள்.

புதன்கிழமை மேற்பார்வையாளர் மிஸஸ் க்ரோவெல் வந்தாள்.

"மெஷின் போட்டதையும் நீங்க போட்டதையும் மாடில பெரியவங்க பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கப்போறாங்க. நல்லாப் போட்டுக் குடுங்க."

வெர்னா ஒரே படத்தை மூன்று தரம் போட்டாள். விமானத் தொழிற்சாலையில் வேலை போய், அவள் கணவன் வெண்டெல் ஏழு மாதமாக வீட்டில் இருந்தான். மூன்றாவது படத்தை ஐடெல்லா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் ஓரமாகத் தள்ளினாள்.

வியாழன் சாயங்காலம் சேதி வந்தது. மாடியில் கை தட்டினார்களாம். அன்றைக்கு இரண்டு பேரும் தெருமுனைக் கடையில் ஆளுக்கொரு துண்டு கேக் வாங்கித் தின்றார்கள்.

வெள்ளிக்கிழமை மிஸஸ் க்ரோவெல் ஒரு புது மாதிரிப்படத்தை மேசைமேல் விரித்தாள். தேவதை முழங்கால் உயரம் வளர்ந்திருந்தாள். புருவம் தடித்திருந்தது. இறக்கைக்கு ஒரே கோடு.

"இவள மெஷினே போட்ரும்," என்றாள்.

"தேவதையவே மாத்திட்டாங்களா?"

"ஒங்களோடதுதான் அழகுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கம்மா."

"அப்புறம்?"

மிஸஸ் க்ரோவெல் படத்தைச் சுருட்டினாள்.

"வண்ணம் பூசற எடத்துலயாவது போடுங்க மேடம். எந்த வேலைன்னாலும் செய்றேன்."

"சின்னப் பொண்ணுங்களாப் பாத்து எடுக்கச் சொல்லிருக்காங்க, வெர்னா. நான் சொல்லி என்ன ஆகப்போகுது?"

கடைசி வாரம் அவர்களுக்குத் தொட்டி வேலை கொடுத்தார்கள். அவர்கள் போட்ட பழைய கண்ணாடித்தாள்களைக் கழுவிக் கொடுத்தால் மெஷினுக்கு ஆகும். வெந்நீரில் முக்கியதும் முதலில் இறக்கைகள் கரைந்தன, பிறகு முகம்.

"ஒண்ணே ஒண்ண வீட்டுக்கு எடுத்துக்கவா?" என்றாள் ஐடெல்லா.

"எண்ணி வச்சிருக்காங்கடி."

நாலு மணிக்கு மெஷின் அறையிலிருந்து ஆள் வந்தான். காய்ந்த தாள்களை ஒவ்வொன்றாக ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்து அடுக்கினான். ஒன்றை மட்டும் தனியே எடுத்து நீட்டினான்.

"இதுல இன்னும் அழுக்கு இருக்கு."

ஒரு கண் மட்டும் கரையாமல் இருந்த அந்தத் தாளை வெர்னா வாங்கி மறுபடியும் தண்ணீரில் முக்கினாள்.