நாலுக்கும் மூணுக்கும் நடுவுல

ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் ஓட வைத்துக்கொண்டிருந்த மெக்கானிக், தான் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்து லிஃப்டை மட்டும் தொட்டுப் பார்த்ததில்லை. மாதம் ஒருமுறை கீழே நின்றபடியே சோதனை அட்டையில் ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்துப் போடுவார். நம்ம லிஃப்டுதானே, எங்கே ஓடிவிடப் போகிறது?

அது ஓடத்தான் இல்லை, ஊர்ந்தது. ஒவ்வொரு மாடியிலும் தளத்துக்கு அரையடி கீழேயே நின்றது. ஒன்றரை வருடத்தில் குடியிருப்பவர்களுக்கெல்லாம் வலது காலைத் தூக்கி வைக்கும் பழக்கம் ஊறிப்போய், சமதரையிலும் அப்படியே நடந்தார்கள். மூன்றாம் மாடி ஆசிரியர் கீழே மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு ஏறி, மேலே தாடியோடு இறங்கினார். தாடி நரைத்திருந்தது என்று சிலர் சொல்வது மிகை.

ஒரு நாள் முற்பகல், இரண்டு தெரு தள்ளி ஒரு வேலையில் இருந்தபோது போன் அடித்தது. லிஃப்டின் அவசர பொத்தானை யார் அழுத்தினாலும் அழைப்பு அவருக்குத்தான் வரும். மாட்டிக்கொண்டவர் வெளியே வரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நாமாகத் துண்டிக்கக் கூடாது என்பது தொழில் விதி.

“பதறாதீங்க. மூச்சை மெதுவா விடுங்க. யாரு பேசறது?”

“உங்க பொண்டாட்டி.”

அவர்தான் ஒருமுறை மூச்சை மெதுவாக விட்டார்.

“எங்க நிக்குது?”

“நாலுக்கும் மூணுக்கும் நடுவுல. பெட்டியோட நிக்கறேன். அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன்.”

“எப்ப வருவ?”

“வரல.”

போனைக் காதில் வைத்தபடி இரண்டு தெருவையும் கடந்து, ஐந்து மாடியும் ஏறி, மொட்டை மாடியிலிருந்த இயந்திர அறைக்கு வந்து சேர்ந்தார். அத்தனை படியிலும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். இருபத்தாறு வருடத்தில் அவள் பேச்சை இவ்வளவு நேரம் அவர் கேட்டதில்லை. விதி என்று ஒன்று இருக்கிறதே.

லிஃப்டின் மின்கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் கோளாறு தெரிந்துவிட்டது. கதவுப் பூட்டுக்கான சுவிட்சின் முனையில் அழுக்கு ஏறி, ஸ்பிரிங் செத்துக் கிடந்தது. பக்கத்திலேயே புது ஸ்பிரிங். துடைத்து மாட்டினால் லிஃப்டு கீழே போய்விடும். அவளும் போய்விடுவாள். மாட்டாவிட்டால் இருப்பாள். அவருக்குச் சும்மா இருப்பது கைவந்த கலை.

“கொஞ்சம் நேரமாகும் போலிருக்கேம்மா,” என்றார்.

“ஆகட்டும். போன மாசம் மார்ல ஒரு கட்டி இருக்குன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?”

“ம்.”

“பாத்துக்கலாம்னீங்க. நானே போய்ப் பாத்துட்டேன். ஒண்ணுமில்லையாம்.”

“அப்ப நல்லதுதானே?”

“நல்லதுதாங்க. முடிவு வர்ற வரைக்கும் ஆஸ்பத்திரி பெஞ்சுல மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன். கூப்பிடறப்ப நர்ஸ் கேட்டா, ‘கூட யாரும் வரலையா?’ன்னு. இருக்காருன்னு சொல்லவா, இல்லேன்னு சொல்லவான்னு தெரியல. வழியில வந்துட்டிருக்காருன்னு சொல்லிட்டேன்.”

அவர் சொல்வதற்கு இருந்ததெல்லாம் போன மாதமே சொல்லியிருக்க வேண்டியது.

“இங்க காத்து வரல,” என்றாள். “புழுக்கமா இருக்கு.”

ஸ்பிரிங்கைக் கையில் எடுத்தார். துடைத்தார், மாட்டினார், முடுக்கினார். மின்சாரத்தைப் போட்டதும் தலைக்கு மேல் சக்கரம் ஒரு முனகல்கூட இல்லாமல் சுற்றியது. கம்பிகள் அவளைக் கீழே இறக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். போனில் கதவு திறந்தது.

“வெளிய வந்துட்டேன்.”

“அடி எதுவும் படலையே?”

“இல்ல. எவ்வளவு நேரம் ஆச்சு, ரிப்பேர் பண்ண?”

“பதினோரு நிமிஷம்.”



“ஒன்றரை வருஷமா நான் ஏதோ பெரிய வேலைன்னு நினைச்சிட்டிருந்தேன்,” என்றாள்.

“இல்ல, சின்ன வேலைதான்,” என்றார், வாய்க்கு வந்ததை.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அதற்குள் கீழே வாசலின் இரும்புக் கதவு சாத்தப்படும் சத்தம் ஒரு காதில் போன் வழியாகவும், மறு காதில் மாடிச் சுவரைத் தாண்டியும் கேட்டது.