மாம்புரியில் ஓடும் 486

காலையில் அந்த மின்னஞ்சலைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் பழைய 486 கம்ப்யூட்டரில் ஓடுவது யுனிக்ஸ் வழிவந்த ஒரு இயங்குதளம். அதை எழுதுகிறவர்கள்தான் எல்லோருக்கும் அறிவித்திருந்தார்கள்: கம்ப்யூட்டரை இணையத்தோடு இணைக்கும் இந்தப் பழைய வலையட்டையை இப்போது யாரும் பாவிப்பதாகத் தெரியவில்லை. புதிய பதிப்பில் அது வேலை செய்வதை யாராவது இன்றைக்குள் காட்டாவிட்டால், அதற்கான நிரலை நீக்கிவிடுவோம்.

யாரும் இல்லையாமே! அப்போ நான் என்ன மண்ணாங்கட்டியா? என் 486-இல் இருப்பது அதே அட்டைதான். நிரல் போனால் அதற்கு இணையமே கிடையாது.

புதிய பதிப்பை ஏற்றி கம்ப்யூட்டரின் ஆளியைப் போட்டேன். அட்டையைக் காணவில்லை என்றது. பெட்டியைத் திறந்தால், மாம்புரிக் கடற்காற்றில் அட்டையின் விளிம்பெல்லாம் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. அழிறப்பரால் தேய்தேயென்று தேய்த்துச் செருகினேன். இந்த முறை அட்டையைக் கண்டுகொண்டது! வரிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தன. பாதியில் திரை அணைந்துபோனது.

வெளியே தண்ணீர் மோட்டர் உறுமியது. என் கணவர் மிஹ்லார் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் விடத் தொடங்கியிருந்தார். மோட்டர் ஓடினால் வீட்டில் கரண்ட் குறைந்துவிடும்.

"இஞ்சாருங்க! மோட்டர நிப்பாட்டுங்க!"

"மிளகாய்க் கண்டெல்லாம் வாடுது ஹஃபீலா. அந்த இரும்புப் பெட்டிக்கு என்ன அவசரம்?"

"கண்டுக்குப் பொறகும் தண்ணி விடலாம். இது இண்டைக்குப் போனாப் போனதுதான்!"

முணுமுணுத்தபடி நிறுத்தினார். நல்ல மனுசன்.

மறுபடியும் வரிகள். வாய் தானாக பிஸ்மி சொன்னது. கடைசி வரி வந்ததும் அட்டை வழியாக ரவுட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் வந்தது. இன்னொன்றும் வந்தது! அட்டையின் சின்னப் பச்சை விளக்கு மினுக்மினுக்கென்றது. துள்ளி எழுந்ததில் முழங்கால் மேசையில் இடித்தது, வலிகூடத் தெரியவில்லை. திரையில் வந்த அத்தனை வரிகளையும் அந்த 486-லிருந்தே அவர்களுக்கு அனுப்பினேன்.

அதற்குப் பிறகு இருப்புக்கொள்ளவில்லை. பிளேன்ரீ ஊற்றிவைத்துக் குடிக்க மறந்தேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் பதில் வந்திருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!"

நான் போட்ட சத்தத்தில், எனக்குக் கரண்ட் அடித்துவிட்டதென்று பயந்து மிஹ்லார் சேற்றுக் காலோடு ஓடிவந்தார். "என்ன புள்ள? என்ன நடந்த?"

வந்த பதிலை அவருக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். "நன்றி. நிரலை நீக்கவில்லை. உலகத்தில் ஒருவர் பாவித்தாலும் அது இருக்கும்."

"ஆரு அந்த ஒருத்தர்?"

"நான்தான்!" என்று கத்தினேன். "நான்தான்!"