ஓரத்தில் தெறித்த பற்கள்

அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றில், சுண்ணாம்புக்கல் அரைக்கும் உருளையைச் சுழற்றும் பல்சக்கரம் மாட்டிய நாலாம் நாளே பல் உடைந்து நின்றுவிட்டது. மாட்டியவன் ஃபிட்டர் சாமிதுரை. வேலை நிலைக்குமா போகுமா என்பது இன்றைய விசாரணையில் தெரிந்துவிடும்.

உடைந்த பற்களைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. எல்லாப் பல்லும் ஒரே ஓரத்தில்தான் தெறித்திருந்தது. உருளையைக் காலியாகச் சுற்றிப் பார்த்த அன்று, பற்கள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று அறியத் தடவிய நீல மை முழு அகலத்துக்கும் அழகாகப் படிந்திருந்தது. உள்ளே கல் ஏறிப் பாரம் வந்ததும், சக்கரத்தைத் தாங்கும் பேரிங் பீடம் ஒரு மூலையில் அமிழ்ந்திருக்கிறது. பீடம் சாய்ந்தால் முழுப் பல்லும் சுமக்க வேண்டியதை ஓரம் மட்டும் சுமக்கும். பாவம், அது எத்தனை நாள் தாங்கும்?

பீடத்தை உட்காரவைத்தது பதினாறு வருடச் சிநேகிதன் அறிவரசன். "நாலு மூலையும் நல்லா ஒக்காந்துடுச்சுடா, கையெழுத்தப் போடு" என்றான். அடியில் இடைவெளி இருக்கிறதா என்று மெல்லிய அளவுத் தகடு செருகிப் பார்ப்பது சாமிதுரையின் பொறுப்பு. அவன் பார்க்கவில்லை. ஒருவன் முடித்த வேலையை மற்றவன் சோதிப்பது அவனை முகத்துக்கு நேரே சந்தேகப்படுவது என்று இருவருக்குள்ளும் ஒரு வழக்கம். என்ன மண்ணாங்கட்டி வழக்கமோ!

காலையில் பீடத்தைத் தூக்கியபோது, ஒரு மூலையில் மட்டம் சரிசெய்ய அடியில் வைத்த இரும்புத் தகடு பாதிதான் இருந்தது. அப்போதும் சாமிதுரைக்கு அறிவரசனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. அவன் மகள் வெற்றிச்செல்விக்கு அடுத்த மாதம் கல்யாணம். பழியைத் தானே ஏற்றுக்கொள்வது என்ற முடிவோடுதான் இன்ஜினியர் பிரவீணாவின் அறைக்குள் நுழைந்தான்.

அவர் முதலில் அங்கே நின்ற அறிவரசனைக் கேட்டார்.

"நான் அன்னைக்கே சொன்னேங்க மேடம், ஒரு மூலையில தகடு பத்தலன்னு. இவன்தான் பரவால்ல, விடுன்னான்."

வாய் கூசாமல் சொன்னான். தப்பிக்க வழி கேட்டிருந்தால் சாமிதுரையே கொடுத்திருப்பானே! அதற்குள் பிடுங்கிக்கொள்ள என்ன அவசரம்?

"அப்படியா சாமிதுரை?"

"பாக்காம கையெழுத்துப் போட்டது என் தப்புங்க மேடம். ஆனா தகடு பத்தலன்னு இவன் சொல்லவே இல்லீங்க. சொல்லியிருந்தா நானே குனிஞ்சு வச்சிருப்பேன்."

"அதுக்குச் சாட்சி யாராவது இருக்காங்களா?"

சாமிதுரை அறிவரசனைப் பார்த்தான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு அங்க இருந்தது இவன் ஒருத்தன்தாங்க."